மோட்டார் மாமாவின் கூறு

புடலங்காய் நேராக வளர வேண்டுமென்றால், பிஞ்சிலேயே அதன் நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கல்யாணமாகி அடையாறுக்கு வந்த பிறகுதான் இது எனக்குத் தெரியும். நான் பிறந்து வளர்ந்தது தி.நகரில், ஜவுளிக்கடை மாடியில். காய்கறி என்றால் எங்களுக்குக் கூடையில் வாசலுக்கு வரும் சாமான், அவ்வளவுதான். கல் கட்டிய புடலங்காய்களை முதன்முதலாகப் பந்தலுக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கடுத்த கோடையிலிருந்து அந்தக் கற்களை அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். இன்றும் நான் புடலங்காய் வாங்குவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் பதினொரு வீடுகள் சேர்ந்து ஆதம்பாக்கத்தில் ஒரு காய்கறித் தோட்டம் போட்டிருந்தோம். நிலம் எங்களுடையதல்ல. வெளிநாட்டிலிருந்த ஒருவர், சும்மா கிடக்கிற மனைதானே, பயிர் வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தார். கிணறு இருந்தது, ஒரு வேப்பமரம் இருந்தது, ஏரிப் பக்கத்துக் களிமண் இருந்தது. விதைப்பதற்கு முன்பே ஒவ்வொரு வீடும் தன் பங்கைப் போட்டுவிட வேண்டும். விளைந்தால் விளைச்சலில் பங்கு, விளையாவிட்டால் வெயிலில் பங்கு என்று என் கணவர் கிண்டலடிப்பார். அவர் ஜவுளி வியாபாரி. என்ன சரக்கு வரும் என்றே தெரியாமல் முன்பணம் கொடுப்பது அவருக்கு ஜீரணிக்காத விஷயம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்புகிறவரும் அவர்தான்.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் எங்கள் எதிர்வீட்டு மாமா. அரசாங்க அலுவலகத்தில் இஞ்சினியர். குழந்தைகள் இல்லை, மாமியும் அவரும்தான். தோட்டத்து மோட்டாரைத்தான் அவர் பிள்ளையாக வளர்த்தார் என்று சொல்ல வேண்டும். அது கொஞ்சம் முனகினால் போதும், சட்டையைக் கழற்றி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். தெருவில் எல்லோருக்கும் அவர் மோட்டார் மாமா. மாமிக்குக்கூட அந்தப் பெயர் பிடித்திருந்தது.

பறித்த காய்களை வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து, வீட்டுக்கு ஒரு குவியலாக வைப்போம். அதற்குக் கூறு என்று பெயர். எவ்வளவு சரிபார்த்து வைத்தாலும் ஒரு கூறில் வெண்டைக்காய் பிஞ்சாக இருக்கும், இன்னொன்றில் கத்தரிக்காயைப் பூச்சி துளைத்திருக்கும். படித்தவர்கள்தான், ஆனால் ஒரு சொத்தைக் கத்தரிக்காய்க்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். அதற்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். நொச்சிக்குப்பத்தில் மீனைப் பங்கு போடும்போது பார்த்தாராம். ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொருவர் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்று கேட்பார். நிற்பவர் திரும்பிப் பார்க்காமல், வாய்க்கு வந்த வீட்டைச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது.

கூறைத் தொட்டுக் கேட்பவள் எப்போதும் தோட்ட வேலை பார்த்த அம்மாள்தான். ஆதம்பாக்கத்திலேயே வீடு, அவளுக்கும் ஒரு கூறு உண்டு. முதுகு காட்டி நிற்பது வாரம் ஒரு வீட்டு ஆண்பிள்ளை. “மாடி வீடு”, “டாக்டர்”, “ஜவுளிக்கடை”, “மோட்டார் மாமா” என்று வரிசையில்லாமல் குரல் வரும். அவரவர் போய்த் தன் கூறை அள்ளிக்கொள்வோம்.

அந்த வருஷம் சித்திரை வெயில் ஆரம்பத்திலேயே ஆளைக் கொன்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூறு சொல்லி முடிக்கும் நேரத்தில் மோட்டார் ஊளையிட்டது. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட்வால்வு இருக்கும், அதற்குள் தோலால் ஒரு வாஷர். அது தேய்ந்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே இறங்கிவிடும், மோட்டார் வெறும் காற்றை இழுத்துக் கத்தும். மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்தார்.

“கிண்டியில வாஷர் வாங்கிண்டு வந்துடறேன். என் கூறை ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கோ, வந்து எடுத்துக்கறேன்” என்றார்.

மாமி, “மோர் குடிச்சுட்டுப் போங்கோளேன்” என்றார். அவர் கையை ஆட்டிவிட்டுப் போனார். அவரை நாங்கள் பார்த்தது அதுதான் கடைசி.

முதலில் எதிர்பார்த்தோம். பிறகு பயந்தோம். பிறகு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். ஆஸ்பத்திரிகளில் இல்லை, போலீஸுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்த வாரத்தில் மொபெட் மட்டும் கிடைத்தது. பரங்கிமலை ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் பூட்டி, ஒழுங்காக நிறுத்தி வைத்திருந்தது. ஹாண்டில்பாரில் மாட்டியிருந்த பைக்குள் புது வாஷர் இருந்தது.

அந்த வாஷரைப் பற்றித் தெருவில் பேசாத வாயில்லை. திரும்பி வருவதாக இல்லாதவர் ஏன் வாஷர் வாங்க வேண்டும்? வருவதாக இருந்தவர் ஏன் ரயில் நிலையத்தில் வண்டியை நிறுத்த வேண்டும்? எந்தப் பக்கம் பேசினாலும் பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. மாமி மட்டும் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “வாங்கிட்டார், பாருங்கோ. வர்றதாத்தான் இருந்திருக்கார்.”

ஆள் வரவில்லை என்று செடிக்குத் தெரியுமா? அவர் விதைத்ததெல்லாம் அந்தக் கோடையில் காய்த்துத் தள்ளியது. வாஷரை என் கணவரும் டாக்டரும் சேர்ந்து மாட்டினார்கள். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. காணாமல் போனவர் வாங்கிய வாஷர் இறைத்த தண்ணீரில், காணாமல் போனவர் நட்ட செடி விளைந்ததை நாங்கள் கூட்டும் பொரியலுமாகத் தின்றோம். பந்தலில் அவர் கட்டிய கற்கள் காற்றில்லாத வெயிலில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு காயையும் அறுக்கும்போது அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. ரெட்டை முடிச்சு, இஞ்சினியர் முடிச்சு. அவிழ்த்த கற்களை மாமி புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவார். அடுத்த வருஷம் பிஞ்சு விட்டபோது அந்தக் கற்களையே கொண்டுவந்து கட்டினார்.

ஆணியில் அவருடைய பழைய சட்டை ஒன்று தொங்கியபடியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மோட்டார் ரூமுக்குள் சுவிட்சைப் போடப் போகிறவர்கள், உள்ளே ஆள் இருப்பதுபோல வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நுழைவார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். சிரிக்க வேண்டாம். அந்த அறையில் கிரீஸ் வாசனையும் அவருடைய வியர்வை வாசனையும் ஒரு வருஷம் ஆகியும் போகவில்லை.

கூறு சொல்லும் வழக்கமும் மாறவில்லை. வாரா வாரம் யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு, “மோட்டார் மாமா” என்று சொல்வார்கள். மாமி எழுந்து போய், “அவருக்கு நான் எடுத்துக்கறேன்” என்று சொல்வார். உடனே அள்ளமாட்டார். ஈரச்சாக்கு ஒன்றை அந்தக் கூறின்மேல் போட்டு மூடுவார். எல்லோரும் பையைக் கட்டி முடிக்கும்வரை அது அப்படியே இருக்கும். கிளம்பும் நேரத்தில் ரோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாக்கை எடுத்து, கூறை அள்ளிக்கொள்வார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்காமல் எதையாவது பேசிக்கொண்டிருப்போம். நெற்றியில் குங்குமம், தலையில் பூ, எதையும் அவர் குறைக்கவில்லை. கோயிலில் சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நான் அவர் பக்கத்திலேயே நடந்து போவேன்.

இரண்டாவது கோடை அப்படி விளையவில்லை. அக்கினி நட்சத்திரம் தொடங்கியபோது கிணற்றில் படிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. தண்ணீர் உப்புக் கரித்தது. பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. கத்தரியில் பூ பிடிக்கும், மறுநாளே கருகி உதிரும். வெண்டைக்காயை ஒருநாள் பறிக்காமல் விட்டால் விறகாகிவிடும். கீரை முழங்கால் உயரம் வருவதற்குள் பூத்துத் தொலைத்தது. வைக்கோலும் சருகும் போட்டு மண்ணை மூடினோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் தண்ணீர் விட்டோம். அதற்கும் மோட்டார் ஒத்துழைக்கவில்லை. பழையபடி ஊளையிட ஆரம்பித்தது.

“வாஷரு பூட்ச்சும்மா” என்றாள் தோட்டத்து அம்மாள். “தெனிக்கும் குடம் குடமா குழாய்ல ஊத்தி ஸ்டார்ட் பண்ணிக்கினு கீறேன். கெணத்துல தண்ணி கீது, மேலதான் வரமாட்டேன்னுது. ஒரு வாஷரு மாத்துனா செடி பொழச்சிக்கும்.”

“அது நன்னாத்தான் இருக்கு” என்றார் மாமி. “இன்னும் கொஞ்ச நாள் வரும்.”

எல்லோருக்கும் தெரியும், அது வராது. ஒரு வாஷர் என்ன பெரிய சாமானா, கிண்டி கடையில் யாரும் வாங்கி வரலாம். ஆனால் அந்தத் தோலை எடுத்துத் தூரப் போட எங்கள் யாருக்கும் தைரியமில்லை. செடி வாடிக்கொண்டிருந்தது. கூறுகள் சிறுத்துக்கொண்டே வந்தன, கடைசியில் ஒரு கைக்குள் அடங்குகிற அளவுக்கு.

மாமாவின் அண்ணா மயிலாப்பூரில் இருந்தார். அந்தக் கோடையில் அவர் எதிர்வீட்டுக்கு அடிக்கடி வந்து போனார். தர்ப்பையில் உருவம் செய்து, இறந்தவருக்குச் செய்கிற காரியத்தை முடித்துவிடலாம், இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்பது அவர் கட்சி. அவர் வந்து போன மறுநாள் மாமி இன்னும் பெரிய குங்குமமாக வைத்துக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் கூறு சொல்லும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. என் கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கடையில் ஒருவர் புடவை வாங்க வந்தால், எதிரில் நிற்பவரிடம்தான் பேசுவார். வராதவரைப் பற்றிக் கேட்கமாட்டார். அது அவர் தொழில் பழக்கம். தோட்டத்து அம்மாள் ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்றாள்.

“மாமிக்கு” என்றார் அவர்.

தோட்டத்து அம்மாளின் கை கூறின்மேல் அப்படியே இருந்தது. என் கணவருக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பவும் முடியாமல் திருத்தவும் முடியாமல், கழுத்தெல்லாம் வேர்த்து நின்றார். சொன்னால் சொன்னதுதான் என்பது மாமா வைத்த சட்டம்.

மாமி எழுந்தார். கூறுக்கு அருகில் போகவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். அந்தக் கூறு வெயிலில் கிடந்தது. கொஞ்சம் வெண்டைக்காய், இரண்டு கத்தரிக்காய், ஒரு பிடி கீரை. தோட்டத்து அம்மாள் ஈரச்சாக்கை எடுத்து அதை மூடினாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி வரவில்லை. யார் நின்றாலும் மறக்காமல் “மோட்டார் மாமா” என்று சொன்னோம். எடுக்க ஆளில்லை. மாடி வீட்டுக்காரர், “வீணாத்தானே போகுது, பிரிச்சுக்கலாமே” என்று ஆரம்பித்தார்.

“அது சாரோட கூறு, யாரும் கை வைக்காதீங்க” என்று தோட்டத்து அம்மாள் ஒரே போடாகப் போட்டாள். ஒவ்வொரு வாரமும் சாக்குக்கடியில் ஒரு கூறு காய்ந்து சருகாயிற்று.

என் கணவர் கடையில் உட்கார்ந்து பில் போடுவதில்கூடத் தப்புச் செய்தார். “போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன்” என்று என்னை அனுப்பினார். எங்கள் கூறில் வந்த கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மாமி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஊஞ்சல் பலகையில் மாமாவின் வேஷ்டி மடித்து வைத்திருந்தது. வாரம் தவறாமல் துவைத்து மடிப்பார் போலிருக்கிறது.

“உங்காத்துக்காரர் மேல கோபமெல்லாம் இல்லே” என்றார் நான் வாயைத் திறப்பதற்குள். “அவர் நல்லபடியாத்தான் சொன்னார். எனக்குத்தான் கால் வரலே.”

கத்தரிக்காயை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சொல்வதைக் கேட்டேன். எனக்கு அது அபூர்வம்.

“செத்துட்டார்னா அழுதுடுவேன்” என்றார் மாமி. “என்னை விட்டுட்டு ஓடிட்டார்னா வாய் வலிக்கத் திட்டித் தீர்ப்பேன். ரெண்டும் இல்லாம நடுவுல நிக்கறேன். அந்தக் கூறை எனக்குன்னு எடுத்துண்டா, அவருக்குன்னு ஒண்ணுமே இல்லாமப் போயிடும். ஒரு பிடி கீரையாவது அவர் பேர்ல இருக்கட்டும்னு பார்த்தேன்.”

கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்கினி நட்சத்திரம் முடிவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு. இருக்கிறதைப் பறித்துவிட்டுச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தோம். புடலம் பந்தல் மட்டும் எப்படியோ பச்சையாக இருந்தது. நாங்கள் சாக்கு விரித்துக் கூறு வைத்துக்கொண்டிருந்தபோது மாமி வந்தார். சாதாரணமாக, போன வாரமும் வந்தவர்போல வந்தார். பந்தலடியில் போய்க் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு மரத்தடிக்கு வந்து, “இன்னிக்கு நான் நிக்கறேன்” என்றார்.

அதுவரை ஒரு பெண்பிள்ளை அங்கே நின்றதில்லை. யாரும் மறுக்கவில்லை. கூறுகளுக்கு முதுகைக் காட்டி, கிணற்றைப் பார்த்து நின்றார். தோட்டத்து அம்மாள் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். மாடி வீடு. டாக்டர். ஜவுளிக்கடை. குரல் நடுங்கவேயில்லை. ஒவ்வொரு பெயர் வரும்போதும், அடுத்தது “மோட்டார் மாமா”தானோ என்று காத்திருந்தேன். கடைசியில் ஒரே ஒரு கூறு மிஞ்சியது.

“இது யாருக்கும்மா?”

கிணற்றடியில் ஒரு காக்கை கத்தியது. தோட்டத்து அம்மாள் மறுபடி கேட்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

“எனக்கு” என்றார் மாமி.

அப்புறம் திரும்பினார். அழவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “செடியைப் பிடுங்க வேண்டாம். தண்ணி விட்டா பொழைச்சுக்கும். வாஷர் மாத்தணும்” என்றார்.

என் கணவர் பாய்ந்து எழுந்தார். “நான் போய்ட்டு வரேன் மாமி.”

“இல்லே, நானே போறேன்.” பையை எடுத்துக்கொண்டார். வேலியைத் தாண்டும்போது திரும்பாமலே சொன்னார்: “என் கூறை ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கோ, வந்து எடுத்துக்கறேன்.”

அதே வார்த்தைகள். தெரிந்து சொன்னாரா, வாயில் தானாக வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ரோட்டில் ஒரு ஆட்டோ நின்றது, அவரை ஏற்றிக்கொண்டு கிண்டிப் பக்கம் போயிற்று.

“ஒத்தையில அனுப்பிட்டீங்களே” என்றாள் தோட்டத்து அம்மாள், என்னைப் பார்த்து.

யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. டாக்டர் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது; அவர்களும் போகவில்லை. மாடி வீட்டுக்காரர் பையைக் கட்டியவர் மறுபடி அவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். பதினொரு வீட்டுக் கூறுகளும் எங்கள் முன்னால் வாடிக்கொண்டிருந்தன. மரநிழல் காலடிக்குச் சுருங்கியது. ரோட்டில் ஏதாவது மொபெட் சத்தம் கேட்டால் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. கிண்டிக்கு அடுத்தது பரங்கிமலை என்ற நினைப்பு எனக்குள் வந்தது. வந்ததை விரட்ட முடியவில்லை. மோட்டார் ரூம் கதவு திறந்திருந்தது. ஆணியில் அந்தச் சட்டை தெரிந்தது. போன வருஷம் மாமி ஒருவராக உட்கார்ந்து காத்ததை இந்த வருஷம் தெருவே சேர்ந்து காத்தோம். இதை அவர் வருஷம் முழுக்கத் தனியாகச் செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயத்தில் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லோர் எதிரிலும் நான் அப்படிச் செய்கிற ஆளே இல்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஆட்டோ ஒன்று வேலியோரம் நின்றது. மாமி இறங்கினார். தலையில் முந்தானை, கையில் பை. உள்ளே வந்தவர் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“ஏன் எல்லாரும் இப்படி உக்காந்துண்டிருக்கேள்? கீரையெல்லாம் வாடிப் போயிடுத்தே” என்றார்.

என் கணவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். தோட்டத்து அம்மாள்தான் எழுந்து போய், கடைசிக் கூறின்மேலிருந்த ஈரச்சாக்கை எடுத்தாள்.

“இந்தாம்மா, உங்க கூறு” என்றாள்.

மாமி வாஷரை என் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் பையை விரித்துப் பிடித்தார்.